மூன்றாம் படியில் ஒரு பாட்டரிப் பூனை

என் மனைவி நாகர்கோவிலில் பூனைகளுக்கு நடுவே வளர்ந்தவள். நானோ பூனை படம் போட்ட காலண்டரைப் பார்த்தாலே மூக்கைத் தடவிக்கொள்கிறவன். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வீட்டாரும் இதைப் பேசவில்லை. ஜாதகத்தில் பூனைக்கென்று கட்டம் கிடையாது. வலியசாலையில் என் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அவள் எங்கிருந்தோ ஒரு சாம்பல் குட்டியைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் தும்மினேன். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால் ஒருவர் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இடதுபக்க வீட்டிலிருந்து "நூறு" என்றார்கள், வலதுபக்க வீட்டிலிருந்து "இருநூறு" என்றார்கள். சாயங்காலத்துக்குள் என் ஆயுசு பல ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, எனக்கோ மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. குட்டி திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு சத்தம் உண்டு. கோவிலுக்குப் போகும் வழியில் மதில்மேல் படுத்திருக்கும் பூனையிடம் மட்டும் நின்று ஏதோ சொல்லிவிட்டு வருவாள். நான் நாலடி முன்னால் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி காத்திருப்பேன்.

எங்கள் பெண் கழக்கூட்டத்தில் வேலை கிடைத்து அங்கேயே தோழிகளோடு ஃபிளாட் எடுத்துப் போன பிறகு அந்தச் சத்தம் கூடிவிட்டது. மனைவி சாயங்காலங்களில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கையை வைத்துக்கொள்வாள். சும்மாதான். ஆனால் அந்தக் கை, அங்கே ஏதோ இருந்து எழுந்து போனதுபோல, கொஞ்சம் குழிந்தே இருக்கும். ஒருநாள் அவளே வாயைத் திறந்தாள். தெருக்கோடிப் பலசரக்குக் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் பூனை குட்டி போட்டிருக்கிறதாம். அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இவளைப் பார்த்துச் சீறிற்றாம். சீறியதை அவள் சொன்ன விதத்தில் ஒரு பெருமிதம்.

நான் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். மூச்சுவிட ஆசைப்படுகிற எவனும் அதைத்தான் செய்வான்.

அவள் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டிக்குள் பூனை. நிஜப் பூனையின் அளவு, வெள்ளையும் சாம்பலுமாகக் கொசகொசவென்று ரோமம், கண்ணாடிக் கண். வயிற்றுக்கடியில் சார்ஜ் போடும் துளை. முதுகைத் தடவினால் உடம்புக்குள் ஒரு சின்ன மோட்டார் கர்ர்ர் என்று ஓடும். பேச்சுக் குரல் கேட்டால் தலையைத் திருப்பும், மியாவ் என்னும், சில சமயம் கொட்டாவிகூட விடும். நடக்காது. பால் குடிக்காது. முக்கியமாக, ரோமம் உதிராது. நான் அதன் முதுகில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தேன். புதுச் செருப்புக்கடை வாசனை. தும்மல் வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இந்த முறை சந்தோஷத்தில்.

"அம்மா, ஒண்ணு தொட்டு நோக்கம்மா. அடிபொளியாக்கும்" என்றாள் பெண். அடிபொளி என்றால் இந்த ஊரில் பிரமாதம்.

மனைவி தொடவில்லை. "எதுக்காக்கும் இது?"

"தனியா இருக்கறவா, வயசானவா, அவாளுக்கெல்லாம் வேண்டி உண்டாக்கினது. வெளிநாட்டுல ஹாஸ்பிட்டல்லகூடக் குடுக்கறா."

"வயசானவா இங்க ஆரு?"

பெண் என்னைப் பார்த்தாள். மனைவியும் என்னைப் பார்த்தாள். பூனையும், குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியதில், மனைவிக்குப் பக்கத்தில் நின்ற என்னைத்தான் பார்த்தது.

நீண்ட பேச்சுக்குப் பிறகு மனைவி ஒரு தீர்ப்பு வைத்தாள். நவராத்திரி வருகிறது. அது முடியும்வரை இந்தப் பூனையைத் தினமும் மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். மனசுக்குப் பிடித்தால் சரி. "பிடிக்கலைன்னா, விஜயதசமி அன்னிக்குக் கடையிலேர்ந்து அந்த ஆரஞ்சுக் குட்டி வரும். நீங்க மாத்திரை போட்டுக்கோங்கோ. தும்மறதானா தும்முங்கோ. நான் நாகர்கோவில் போகமாட்டேன், பூனை இங்க வரும்." கடைக்காரரும் அதுவரை குட்டியை யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தார். ஆக, என் மூச்சுக்குழாயின் எதிர்காலம் ஒரு மோட்டாரின் கையில்.

இனி நான் செய்த காரியம்.

கொலு வைக்கிற அன்று சாயங்காலம் துலாமழை ஒரு பாட்டம் கொட்டிவிட்டு ஓய்ந்திருந்தது. டிரங்குப் பெட்டிகள்மேல் பலகை அடுக்கி, வெள்ளை வேஷ்டி விரித்து, ஐந்து படி கட்டியது நான். பொம்மைகளை அடுக்கியது அவள். தசாவதாரம், கல்யாண செட்டு, கிரிக்கெட் ஆடுகிற பதினொரு பேர், எல்லாம் அவரவர் இடத்தில். மூன்றாம் படியில் மட்டும் ஓர் இடைவெளி. அங்கே இருந்த மண் யானைக்குப் போன வருஷம் தும்பிக்கை போய்விட்டது. அவள் ஆரத்தி கரைக்க உள்ளே போனாள். நான் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதுகிறவன் நான், வரிக்கு நடுவில் ஒரு சொல் விழுந்துபோனால் என்னால் சும்மா இருக்க முடியாது. கை பரபரக்கும். நாற்காலியில் கிடந்த பூனையை எடுத்து அங்கே வைத்தேன். அழகு பார்க்கத்தான். பார்த்துவிட்டு உடனே எடுத்துவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் அது அத்தனை பாந்தமாக உட்கார்ந்துவிட்டது, ஒரு பக்கம் ராமர், ஒரு பக்கம் மத்தளம் வாசிக்கும் தஞ்சாவூர்க்காரர், நடுவில் கால் மடக்கிய பூனை. இரண்டடி பின்வாங்கி ரசித்தேன். மூன்றடி பின்வாங்கி இன்னும் ரசித்தேன்.

அதற்குள் அவள் தட்டோடு வந்துவிட்டாள். பாடும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணை மூடியபடியே ஆரத்தியைச் சுற்றத் தொடங்கினாள். நான் கை கூப்பி நின்றேன். வேறென்ன செய்ய? ஆரத்தி நடக்கும்போது ஓடிப்போய்ப் பொம்மையை உருவவா? பாட்டின் இரண்டாம் வரியில் பூனை தலையைத் திருப்பி "மியாவ்" என்றது. அவள் கண்ணைத் திறந்தாள். பாட்டை நிறுத்தவில்லை. தட்டையும் நிறுத்தவில்லை. முழுசாக முடித்து, கற்பூரத்தைக் காட்டி, தட்டைக் கீழே வைத்தபிறகுதான் திரும்பினாள்.

"இது எப்போ இங்க வந்தது?"

"இப்பத்தான். அழகு பாக்கறதுக்கு."

"நான் வரச்சே எடுத்திருக்கலாமே."

"நீதான் ஆரம்பிச்சுட்டியே."

"நிறுத்துன்னு சொல்லப்பிடாதா?"

"ஆரத்தியை எப்டி நிறுத்தச் சொல்றது?"

அவள் பூனையைப் பார்த்தாள். பூனை அவளைப் பார்த்தது. "சரி, ஆயாச்சு. இனி அது கொலுப் பொம்மையாக்கும். விஜயதசமி வரைக்கும் அசைக்கப்பிடாது. நானும் தொடப்பிடாது, நீங்களும் தொடப்பிடாது."

எங்கள் வீடுகளில் அதற்கு மேல்முறையீடு இல்லை. ஆரத்தி எடுத்த கொலுவில் ஒரு செட்டியார் பொம்மையின் தொப்பையைக்கூடத் தள்ளி வைக்க மாட்டார்கள். கடைசி நாளில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்த பிறகுதான் மற்றவை இறங்கும். மடியில் வைத்துப் பார்க்க வேண்டிய பூனையை, மடிக்கு எட்டாத மூன்றாம் படியில், நானே என் கையால் ஏற்றி உட்கார்த்தி வைத்திருக்கிறேன்.

பெண்ணுக்கு ஃபோனில் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "ட்ரையல் பீரியட்ல ப்ராடக்டைப் பூட்டி வெச்சா எப்டிப்பா?"

"பூட்டலைடி. ராமருக்குப் பக்கத்துல வெச்சிருக்கோம்."

"எந்தொரு கஷ்டம்!" என்றாள்.

மறுநாளிலிருந்து தெருப் பெண்கள் வெற்றிலை பாக்குக்கு வரத் தொடங்கினார்கள். கொலுவுக்கு வந்தால் பாட வேண்டும், அது வழக்கம். இடதுபக்க வீட்டு மாமி நன்றாகப் பாடுகிறவர், அது அவருக்கும் தெரியும். அவர் தொண்டையைச் செருமி, கண்ணை உயர்த்தி, பல்லவியில் ஒரு நீளமான சங்கதியை ஆரம்பித்தபோது மூன்றாம் படியில் பூனை வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. கண்ணையும் மூடிக்கொண்டது.

மாமி பாதியில் நின்றார். "இதென்னது, கொட்டாவி விடறது?"

"இல்லை மாமி, லயிச்சுப் போறது" என்றாள் என் மனைவி.

"லயிச்சா வாயைத் திறப்பாளோ?"

"பூனையில்லையா, அதுக்கு அப்டித்தான்."

அடுத்து எதிர்வீட்டு மாமி பாடினார். எதிர்வீட்டு மாமிக்குச் சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். இரண்டும் சந்தித்ததாகத் தகவல் இல்லை. ஆனால் தாளம் மட்டும் பிரமாதமாகப் போடுவார். முதல் படி ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்து, பலகையில் பட் பட்டென்று அடித்தார். பூனை கண்ணைத் திறந்தது. கர்ர்ர்ர் என்று கொலு முழுக்கக் கேட்கும்படி அதன் உடம்பு ஆனந்தத்தில் உருண்டது.

"கேட்டேளா! எனக்காக்கும் அது!" என்று எதிர்வீட்டு மாமி எழுந்தே நின்றுவிட்டார்.

"பூனைக்கென்ன ஞானம் கண்டது" என்றார் இடதுபக்க மாமி.

"ஞானம் இல்லாட்டாலும் காது உண்டோல்லியோ."

அவ்வளவுதான். மறுநாள் தெருவில் செய்தி பரவிற்று. யார் யாரோ வந்தார்கள். பல வருஷமாக எங்கும் வாயைத் திறக்காத மாமிகள் வந்து பாடினார்கள். பாடி முடித்துக் கடவுளைப் பார்க்கவில்லை, மூன்றாம் படியைப் பார்த்தார்கள். இடதுபக்க மாமி தினமும் ஒரு புது ராகத்தோடு வந்தார், தினமும் கொட்டாவி வாங்கிக்கொண்டு போனார். மனைவி சுண்டலுக்குக் கூடுதலாகக் கடலை ஊறப்போட வேண்டிவந்தது. நான் தேங்காய் துருவித் துருவித் தோள் இறங்கிப்போனேன்.

ரகசியம் எனக்குத்தான் புரிந்தது. பூனைக்கு ராகமும் இல்லை, ரசனையும் இல்லை. பலகை அதிர்ந்தால் யாரோ முதுகைத் தடவுவதாக நினைத்துக்கொள்கிறது. தாளத்தைப் பலமாகப் போடுகிறவருக்குக் கர்ர்ர். இதை நான் வெளியே சொல்லவில்லை. எதிர்வீட்டு மாமியின் முகம் அந்த நாட்களில் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கும் அந்த ரகசியத்தில் ஓர் உபயோகம் தெரிந்தது.

என் மனைவி கூட்டத்தில் பாடமாட்டாள். எல்லோரும் போன பிறகு, குங்குமச் சிமிழை மூடிக்கொண்டே, தனக்குத்தானே மெல்ல முனகுவாள். முனகலுக்குப் பூனை அசையாது. அவள் ஓரக்கண்ணால் மேலே பார்ப்பாள். அது ராமரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இது ஆபத்து. இப்படியே போனால் ஆரஞ்சுக் குட்டி நிச்சயம். எனவே மறுநாள் கொலுவுக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு, பேப்பரை விரித்து, படிகளில் விரித்த வேஷ்டிக்கடியில் ஒரு காலை நுழைத்தேன். அவள் முனகத் தொடங்கியதும் கட்டைவிரலால் பலகையைத் தட்டினேன். கர்ர்ர்.

அவள் நிமிர்ந்தாள். இன்னொரு வரி பாடினாள். தட்டினேன். கர்ர்ர். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு, நான் ரொம்ப நாளாகப் பார்க்காத சிரிப்பு. ஈரத் தெருவில் விளக்கு விழுந்ததுபோல நீளமாக, கொஞ்சம் கலங்கி. குரல் சற்று ஏறிற்று. அவள் பாட, நான் தட்ட, அது கர்ர்ர் என்ன, வெளியே இடி இடிக்க, எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கட்டைவிரல் போதவில்லை, குதிகாலையே கொடுத்தேன். கிரிக்கெட் செட்டில் மட்டை பிடித்தவர் மல்லாந்து விழுந்தார். விக்கெட் கீப்பர் உருண்டு என் பேப்பருக்கடியில் வந்தார்.

பாட்டு நின்றது. அவள் துணியைத் தூக்கினாள்.

"கொலுப்படியில காலா?"

"இல்லை, அது வந்து, கால் மரத்துப் போயிடுத்து..."

"மரத்துப்போன கால் தாளம் போடுமோ? கேட்டேளா, அதுவும் தப்புத் தாளம்!"

கொலுவுக்கு முன் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன், ஐம்பதைத் தாண்டிய முழங்கால்களோடு. ஒவ்வொரு முறை முழங்கால் சொடுக்கும்போதும் பூனை அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பிற்று. மனைவி சிரிப்பை அடக்க முயன்று, முடியாமல், சுண்டல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். விழுந்த மட்டையாளரை அப்படியே விட்டுவிட்டோம். அவரையும் தொடக்கூடாதே.

துர்காஷ்டமியன்று புத்தகங்களையும் என் பேனாவையும் பூஜையில் வைத்தாயிற்று. விஜயதசமிவரை எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது, ஆயுதம் எதையும் எடுக்கவும் கூடாது. எழுதாமல் இருப்பதற்கு இப்படிக் கடவுளே அனுமதி தரும் மூன்று நாட்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அன்று சாயங்காலம், கூடம் நிறைய மாமிகள் இருக்கும்போது, பூனை ஒரு விசித்திரமான ஓசை எழுப்பிற்று. மியாவ் என்று தொடங்கி, மாட்டுவண்டி மேடு ஏறுவதுபோல் இழுத்து, நின்றுபோயிற்று. ஒரு கண் திறந்திருக்க, ஒரு கண் மூடியிருக்க, வாய் பாதியில்.

"அய்யோ பாவம், பூனைக்கு என்ன ஆச்சு?" என்றார் எதிர்வீட்டு மாமி. கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்துவிட்டார். "போயிடுத்தோ? இப்போ இதைச் சாப்பிடலாமோ, தீட்டு உண்டோ?"

"பாட்டரி போனதுக்குத் தீட்டு காக்கறதுன்னா நாம வருஷம் முழுக்கக் குளிக்கணும்" என்றார் இடதுபக்க மாமி, அந்த நவராத்திரியிலேயே முதல் முறையாக நிம்மதியான குரலில்.

சார்ஜ் போட வேண்டும். பூனையைத் தூக்கக்கூடாது. அதோடு, அன்று ஆயுதத்தை உபயோகிக்கக்கூடாது, இது பொம்மையா ஆயுதமா என்று ஒரு பெரிய வாதம் கிளம்பிற்று. சார்ஜ் போடுவது உபயோகிப்பதாகுமா? மாமிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மனைவி குறுக்கிட்டு, "பசிக்கறதுக்குப் போடறது உபயோகிக்கறதாகாது. நீங்க ஒயரை எடுங்கோ" என்றாள்.

பசி என்றாள்! பாட்டரிக்குப் பசி என்று சொன்னவள் மனசில் அந்தப் பூனைக்கு இடம் வந்துவிட்டதாகத்தானே அர்த்தம்? நான் ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெள்ளைத் துணிக்கடியில் டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே தவழ்ந்து, பலகை இடுக்கு வழியாகக் கையை மேலே நீட்டினேன். இருட்டில் பூனையின் வயிற்றைத் தேட, விரல் ராமரின் பீடத்தில் பட்டது. "இடது பக்கம், இடது பக்கம்" என்று வெளியே பல குரல்கள். "அது உங்க இடது, மாமி. அவருக்கு வலது." கடைசியில் துளை அகப்பட்டது. கர்ர்ர். மாமிகள் கை தட்டினார்கள். நான் ஒட்டடையோடு வெளியே வந்து, ஒட்டடைக்கு ஒரு தும்மல் போட்டேன். ஒரே குரலில் எல்லோரும் "நூறு" என்றார்கள்.

விஜயதசமி காலை. மனைவி குளித்துவிட்டு வந்து, முந்தின இரவு படுக்கவைத்திருந்த பொம்மையை எடுத்துத் துடைத்து, அடுத்து மூன்றாம் படிக்குக் கை நீட்டினாள். பூனையைத் தூக்கிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். நான் சமையலறை வாசலில் காப்பி ஆற்றுவதுபோல் நின்றேன். அந்தக் காப்பி ஆறி, ஆடை கட்டிற்று.

அவள் தடவினாள். கர்ர்ர். கூப்பிட்டாள். உடனே திரும்பிற்று. காதை நிமிண்டினாள். மியாவ். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி திரும்பிற்று. வாசலில் பால்காரர் யாரையோ கூப்பிட்டதற்கும் திரும்பிற்று. குழிந்த கைக்குள் அந்த ரோமம் சரியாக அடங்கியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"குறையொண்ணும் சொல்றதுக்கில்லை. நல்ல சாது" என்றாள், என்னை நிமிர்ந்து பார்க்காமலே. "ஆனா கூப்பிட்ட போதெல்லாம் திரும்பறது. ஒரு தடவையாவது போடின்னு மூஞ்சியைத் திருப்பிக்கணுமே, அது இல்லை. சொன்னதெல்லாம் கேக்கறதுக்கு இந்த ஆத்துல நீங்க ஒருத்தர் போராதா?"

நான் காப்பியைப் பார்த்தேன்.

"எனக்கு அந்தச் சீறினதுதான் வேணும்" என்றாள். குரல் சின்னதாக, கெஞ்சலாக இருந்தது. கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் வேணும் என்று கேட்டவை அதிகமில்லை. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். வழியில் மருந்துக்கடையில் மாத்திரை, பிறகு தெருக்கோடிப் பலசரக்குக் கடை. கடைக்காரர் குட்டியை ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டுத் தந்தார். தும்மித் தும்மி வந்ததில், தெருவின் இரண்டு சிறகு வீடுகளிலிருந்தும் எனக்கு ஆயுசு வழங்கப்பட்டது. பெட்டிக்குள் கை விட்ட என் மனைவியை அது பிறாண்டிற்று. அவள் விரலில் வந்த ரத்தப் புள்ளியைப் பார்த்து, "அசத்து! போக்கிரி!" என்று கொஞ்சினாள். அப்படி ஒரு குரல் அவளுக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

இப்போது வீடு இரண்டாகியிருக்கிறது. நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் சமையலறை, முற்றம், அவள், ஆரஞ்சுப் பூனை. இந்தப் பக்கம் கூடம், என் மேஜை, நான். அந்தப் பக்கத்திலிருந்து பாத்திரம் உருளும், பால் கொட்டும், "இறங்குடி, இறங்குன்னா!" என்று கத்தல் வரும். அது இறங்கியதாகத் தெரியவில்லை. காப்பி நடுக்கதவு வழியாக வரும். நான் மாத்திரையின் மயக்கத்தில் எழுதுகிறேன். எழுதியதைப் பாட்டரிப் பூனைக்கு வாசித்துக் காட்டுகிறேன். நீளமான வாக்கியங்களுக்குக் கொட்டாவி விடுகிறது. சிலவற்றை வெட்டிவிட்டேன். அவை தேவையில்லைதான்.

நேற்றுச் சாயங்காலம் நடுக்கதவு படீரென்று திறந்தது. மனைவி, தலையெல்லாம் கடலைமாவு. "கேட்டேளா, இந்தப் பிசாசு பரண்மேல ஏறி மாவு டப்பாவை..."

"உஷ்" என்றேன், மடியில் கிடந்ததன் காதை மெல்லப் பொத்தி. "மெதுவாப் பேசு. இது இப்பத்தான் தூங்கித்து."